பிளஸ் 1 புத்தகத்தை இனி யார் திறப்பார்கள்?

மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் வெளியானபோது விவாதமெல்லாம் இருமொழிக் கொள்கையைச் சுற்றியே நடந்தது. பிளஸ் 1 பொதுத் தேர்வு 2025-26 கல்வியாண்டிலிருந்து கிடையாது என்ற அறிவிப்பு, பெற்றோருக்கு ஒரு நிம்மதிப் பெருமூச்சைத் தந்துவிட்டு அடங்கிப்போனது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று ஆண்டுகள் விடாமல் பொதுத் தேர்வு எழுதிக் களைத்த பிள்ளைகளை அருகிலிருந்து பார்த்தவர்கள் இந்த முடிவைக் குறை சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. 2017-ல் அந்தத் தேர்வை எதற்காகக் கொண்டுவந்தோம் என்பதை மறந்துவிட்டோமே என்பதுதான் என் கவலை.

காரணம் ஊரறிந்தது. விடுதியோடு கூடிய பல தனியார் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு பிளஸ் 2 புத்தகத்தைக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு ஆண்டுகளும் அதே புத்தகம்தான். ஒரு முறை நடத்தி முடிப்பார்கள்; பிறகு ஸ்லிப் டெஸ்ட், ரிவிஷன், மீண்டும் ரிவிஷன். பிளஸ் 1 போர்ஷன் பெயருக்கு நடக்கும், அல்லது நடக்கவே நடக்காது. பிளஸ் 2 முடிவு வரும் நாளில் அந்தப் பள்ளிகளின் விளம்பரம் நாளிதழின் முழுப் பக்கத்தை நிரப்பும். பிளஸ் 1-க்கும் பொதுத் தேர்வு வைத்தால் அந்தப் புத்தகத்தையும் திறந்துதானே ஆக வேண்டும் என்று அரசு கணக்குப் போட்டது. கணக்கு ஓரளவு பலித்தது. ஆனால் பிளஸ் 1 மதிப்பெண் உயர்கல்விச் சேர்க்கைக்குக் கணக்கில் வராது என்று 2018-ல் அறிவித்தபோதே தேர்வின் பாதி பலம் போய்விட்டது. பாஸ் ஆனால் போதும் என்றான பாடத்தைப் பள்ளிகள் பாஸ் ஆகிற அளவுக்கு மட்டுமே நடத்தின. இப்போது அதுவும் இல்லை.

பிளஸ் 1 பாடத்தை விட்டால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று கேட்பவர்கள் இரண்டு வகுப்புகளின் கணிதப் புத்தகங்களையும் அருகருகே வைத்துப் பொருளடக்கத்தைப் பார்க்க வேண்டும். முக்கோணவியல், ஈருறுப்புத் தேற்றம், அணிகளும் அணிக்கோவைகளும், வெக்டர் இயற்கணிதம், எல்லையும் தொடர்ச்சியும், வகையிடல், தொகையிடல் எல்லாமே பிளஸ் 1 புத்தகத்தில் இருக்கின்றன. பிளஸ் 2 புத்தகத்தின் முதல் பாடமே அணிகள், அணிக்கோவைகளின் ‘பயன்பாடுகள்’. பின்னால் வருவது வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகள், வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், தொகையிடலின் பயன்பாடுகள். அதாவது, ஒன்றைக் கற்றுத் தருவது பிளஸ் 1. அதை எங்கெங்கே பயன்படுத்தலாம் என்று காட்டுவது பிளஸ் 2. இயற்பியலில் இது இன்னும் மோசம். விசை, உராய்வு, சுழற்சி இயக்கம், ஈர்ப்பு, வெப்ப இயக்கவியல், அலைவுகள் என இயந்திரவியலும் கட்டுமானவியலும் படிக்கப் போகும் ஒருவருக்குத் தேவையான அத்தனையும் பிளஸ் 1-ல்தான் இருக்கின்றன. பிளஸ் 2 இயற்பியல் நிலைமின்னியலில் தொடங்கிவிடுகிறது. பிளஸ் 1-ஐத் தாண்டிக் குதித்து வந்த மாணவர், நியூட்டனின் விதிகளைப் பத்தாம் வகுப்போடு மறந்துவிட்டு மெக்கானிக்கல் வகுப்பில் வந்து உட்காருகிறார்.

மேற்கு மாவட்டம் ஒன்றில், பொறியியல் கல்லூரி முதலாமாண்டுக்கு நான் கணிதம் எடுத்துக்கொண்டிருந்த காலம். பிளஸ் 1-க்குப் பொதுத் தேர்வு வருவதற்கு முன்பு. பிளஸ் 2 கணிதத்தில் 200-க்கு 192 வாங்கிய ஒரு மாணவனைப் பலகைக்கு அழைத்து x-ன் வர்க்கத்தை வகையிடச் சொன்னேன். 2x என்று சட்டென்று எழுதினான். x-ன் மதிப்பு 3 என்றால்? 6. “சரிதான் தம்பி, இந்த 6 எதைச் சொல்லுது?” என்று கேட்டேன். படம் போட்டுக்கூடக் காட்டலாம் என்றேன். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றவன், “சார், இது எந்த சாப்டர்ல வருது?” என்றான். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அதே சந்தேகம்தான். வளைவரையை வரைந்து, அந்தப் புள்ளியில் ஒரு தொடுகோடு போட்டு, அந்தக் கோட்டின் சாய்வுதான் 6 என்று காட்டினேன். அதற்கு அரை வகுப்பு நேரம்கூடப் பிடிக்கவில்லை. அவன் முகத்தில் கோபம் தெரிந்தது. “இதை ஏன் சார் யாரும் சொல்லவே இல்ல?” என்று கேட்டான். பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் மாதமே பிளஸ் 2 புத்தகத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்பது பிறகு விசாரித்தபோது தெரிந்தது.

அந்தப் பையன் மக்கு இல்லை. கற்றுக்கொடுத்தால் அரை மணியில் பிடித்துக்கொள்கிறவன். அவனுக்கு அதைக் கற்றுக்கொடுக்காமலேயே மேலே அனுப்பினார்கள். கல்லூரியும், அவனுக்கு அது தெரியுமா என்று பார்க்காமலேயே பாடத்தைத் தொடங்கியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் பருவக் கணிதத் தாளே அணிகளும் நுண்கணிதமும்தான். கேலி-ஹாமில்டன் தேற்றம், பகுதி வகையிடல், இரட்டைத் தொகையிடல் என்று போகும். ஒரு மாறியில் வகையிடுவது என்றால் என்ன என்று தெரியாதவர் முன்னால் இரண்டு மாறிகளை வைக்கிறோம். நவம்பர், டிசம்பரில் தேர்வு வருகிறது. முதல் அரியர் விழுகிறது. ஊரிலிருந்து பேருந்தில் வந்து போகும் முதல் தலைமுறை மாணவருக்கு அந்த அரியர் வெறும் மதிப்பெண் அல்ல. ‘நமக்கு இதெல்லாம் ஏறாது’ என்று தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் தீர்ப்பு.

தமிழ்நாட்டில் கல்லூரிச் சேர்க்கை என்றாலே நாம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுவந்திருக்கிறோம்: இடம் யாருக்கு? அது நியாயமான கேள்வி. அதற்காக நடந்த போராட்டங்களும் நியாயமானவை. 1984-ல் தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் 2 மதிப்பெண் 200, நுழைவுத் தேர்வு 100 என்று 300-க்குக் கணக்கு. பிளஸ் 2 தேர்வு முடிந்த மறுநாளே நகரத்துப் பிள்ளைகள் பயிற்சி வகுப்புக்குப் போனார்கள். கிராமத்துப் பிள்ளைகள் களையெடுக்கவோ ஆடு மேய்க்கவோ போனார்கள். முனைவர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் அறிக்கையை அடுத்து, 2006-ல் சட்டமன்றம் நுழைவுத் தேர்வை நீக்கிச் சட்டம் இயற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்து 2007 சேர்க்கையிலிருந்து பிளஸ் 2 மதிப்பெண் மட்டுமே போதும் என்றானது. அந்தச் சட்டத்தால் கல்லூரிக்குள் வந்த பிள்ளைகளை வகுப்பறையில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தமிழ்நாடு எடுத்த மிக நல்ல முடிவுகளில் அது ஒன்று. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் மருத்துவத்திலும், 2021-ல் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளிலும் வந்த 7.5 விழுக்காடு இடஒதுக்கீடும் அதே வழியில் வந்ததே.

ஆனால் கதவைத் திறப்பதோடு நம் வேலை முடிந்துவிட்டதாக நினைத்தோம். 2025 பிளஸ் 2 தேர்வில் தேர்ச்சி 95.03 விழுக்காடு. கணிதத்தில் எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. மொத்தத்தில் 35 எடுத்தால் தேர்ச்சி. பள்ளிப் படிப்பை முடித்தார் என்று சான்று தர இது போதும். கட்-ஆஃப் போட்டு இடங்களைப் பங்கிடவும் இந்த மதிப்பெண் உதவும். ஆனால் முதலாமாண்டின் முதல் வகுப்பைப் பின்தொடர இவரால் முடியுமா, முடியாவிட்டால் எந்த இடத்தில் இடறுவார் என்பதை இந்த மதிப்பெண் சொல்லாது. அதைச் சொல்வதற்காக அது உருவாக்கப்படவும் இல்லை.

நீட்டும் ஜேஇஇ-யும் அதைச் சொல்கின்றன என்று வாதிடுபவர்களை நான் ஏற்கவில்லை. நீட்டில் 180 கேள்விகள், 720 மதிப்பெண், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிவு. இந்த அமைப்பின் நோக்கம் லட்சக்கணக்கானவர்களை வரிசையில் நிறுத்துவது மட்டுமே. 400 மதிப்பெண் எடுத்தவருக்கு மரபியல் தெரியுமா, வேதியியலில் சமன்பாட்டைச் சமன்செய்யத் தெரியுமா என்று அந்த எண்ணிலிருந்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. மருத்துவக் கல்லூரிக்குள் வந்த பிறகு அந்த விடைத்தாளை எந்த ஆசிரியரும் புரட்டிப் பார்ப்பதும் இல்லை. வரிசையில் நிறுத்தும் தேர்வாக இருப்பதால்தான் அது பயிற்சி மையங்களின் சந்தையாகிறது. நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் தந்த அறிக்கை இந்தச் சந்தையின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று விரிவாகவே சொன்னது.

அப்படியானால் இன்னொரு விதமான சோதனை வேண்டும். இடம் யாருக்கு என்ற கணக்குக்கு வெளியே நடக்க வேண்டியது அது. தரவரிசையோடு எந்தத் தொடர்பும் இல்லாதது, யாரையும் வெளியே அனுப்பாதது. ‘உனக்கு எது தெரியும், எதை நாங்கள் கற்றுத்தர வேண்டும்’ என்று மட்டும் கேட்பது.

இதை நாம் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறோம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கரோனாவுக்குப் பிறகு 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளை அவர்களின் வாசிப்பு, கணக்கு நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பாடம் நடத்துகிறார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்றால் அந்தக் குழந்தை அரும்பில் தொடங்கும். அதற்காக யாரும் அதை மூன்றாம் வகுப்பிலிருந்து இறக்குவதில்லை. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை 2025-ல் கொண்டுவரப்பட்ட திறன் இயக்கத்திலும் முதலில் அடிப்படைத் தேர்வு, பிறகு தேவைப்படும் பிள்ளைகளுக்குத் தனிக் கவனம் என்பதே வழி. எட்டு வயதுக் குழந்தைக்குக் காட்டும் இந்த அக்கறை பதினேழு வயதில் திடீரென்று நின்றுபோகிறது. ஐந்து லட்சம் ரூபாய் கல்விக்கடனில் கையெழுத்துப் போடுகிற வயதில்தான் அது அதிகம் தேவை.

அமெரிக்காவின் அனுபவம் இதில் இரண்டு பக்கமும் பாடம் சொல்கிறது. அங்கே கல்லூரிச் சேர்க்கைக்கான சாட், ஏசிடி தேர்வுகளை நடத்துகிறவர்கள் மதிப்பெண்ணைக் கல்லூரி முதல் பருவத்தோடு இணைத்துப் பார்க்கிறார்கள். சாட் கணிதத்துக்கு அவர்கள் வகுத்த எல்லைக்கோடு 530. அதை எடுத்தவருக்கு, கல்லூரியின் முதல் பருவக் கணிதத் தாளில் சி கிரேடாவது வாங்கும் வாய்ப்பு 75 விழுக்காடு என்பது அதன் பொருள். ஆனால் அந்த நாட்டின் சமுதாயக் கல்லூரிகளில் நீண்ட காலம் நடந்தது வேறு. சேர்ந்தவுடன் ஒரு தகுதித் தேர்வு. அதில் தவறினால் கிரெடிட் கிடைக்காத அடிப்படைக் கணித வகுப்பில் போட்டுவிடுவார்கள். கட்டணம் கட்டி, ஒன்று, இரண்டு, மூன்று பருவங்கள் அந்த வகுப்பிலேயே சுற்றிவிட்டு, பட்டப்படிப்பின் முதல் தாளைத் தொடாமலேயே வெளியேறியவர்கள் ஏராளம். கறுப்பின, லத்தீன் பிள்ளைகளே அதில் அதிகம் சிக்கினார்கள். 2017-ல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டு, பள்ளி மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்க வேண்டும், நேராகக் கல்லூரி வகுப்பிலேயே சேர்த்து அங்கேயே கூடுதல் உதவி தர வேண்டும் என்று சொல்ல வேண்டிவந்தது.

அதே மாநிலத்தில் மறுபக்கமும் நடந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2020-ல் சாட் தேர்வைக் கைவிட முடிவெடுத்தது. சேர்க்கையில் பள்ளி மதிப்பெண்ணின் கை ஓங்கியது. 2025 நவம்பரில் அதன் சான் டியகோ வளாகத்துப் பேராசிரியர் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களில் சுமார் எட்டில் ஒருவரின் கணிதம் உயர்நிலைப் பள்ளி அளவுக்கும் கீழே இருக்கிறது என்பது அதன் சாரம். அவர்களில் பலர் பள்ளியில் கணிதத்துக்கு நல்ல கிரேடு வாங்கியவர்கள். உலகின் சிறந்த பல்கலைக்கழகங்களில் ஒன்றில் இந்த நிலை. பள்ளிச் சான்றிதழில் இருக்கும் எண்ணும் தலைக்குள் இருக்கும் கணிதமும் ஒன்றல்ல என்பதை 192 வாங்கிய என் மாணவன் எனக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டினான். அந்த வளாகத்துக்கு இதைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், சேர்ந்தவர்களுக்கு அங்கே கணித நிலைத் தேர்வு வைத்ததுதான். நாம் வைப்பதில்லை. அதனால் நமக்குத் தெரியாது.

நமக்குக் காலமும் இருக்கிறது. மார்ச் மாதம் பிளஸ் 2 தேர்வு முடிகிறது. மே மாதத்தில் முடிவு. கலந்தாய்வு முடிந்து பொறியியல் வகுப்பு தொடங்க ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிவிடுகிறது. ஏறத்தாழ ஐந்து மாதங்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அந்த நாட்களில் கோடிங் வகுப்புக்குப் போகிறார்கள். மற்றவர்கள் துணிக்கடையிலும் செல்போன் கடையிலும் வேலைக்குப் போகிறார்கள், அல்லது வீட்டில் இருக்கிறார்கள். நான் முதல்வன் திட்டத்தின் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகள் அந்த மாதங்களில்தான் மாவட்டந்தோறும் நடக்கின்றன. எந்தப் படிப்பில் சேரலாம், எந்தக் கல்லூரி நல்லது, உதவித்தொகை எங்கே கிடைக்கும் என்று அங்கே சொல்கிறார்கள். நல்ல வேலை. பிள்ளைகளை ஒரு மண்டபத்தில் கூட்டும் ஏற்பாடும், ஒவ்வொருவருக்கும் எமிஸ் என்ற மாணவர் அடையாள எண்ணும் அரசிடம் இருக்கும்போது, ஒரு மணி நேர அடிப்படைச் சோதனையை அதோடு சேர்ப்பது பெரிய காரியமில்லை.

அந்தத் தாள் எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தமிழிலும் ஆங்கிலத்திலும் கேள்விகள் அடுத்தடுத்து அச்சாகியிருக்க வேண்டும். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு என்பது வேண்டாம். மாணவர் நான்கு வரி எழுத வேண்டும், ஒரு படம் போட வேண்டும். அப்போதுதான் அவர் எங்கே தடுமாறுகிறார் என்று ஆசிரியருக்குத் தெரியும். பின்னம், விகிதம், நேர்கோட்டின் சாய்வு, ஒரு வரைபடத்தைப் படித்துச் சொல்வது, ஆங்கிலத்தில் அரைப் பக்கத்தைப் படித்துத் தன் மொழியில் இரண்டு வரி எழுதுவது. அவ்வளவுதான். கடைசியில் சொன்னது சாதாரணமானதல்ல. தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் முதலாமாண்டில் முதலில் தோற்பது கணிதத்தில் இல்லை, ஆங்கிலத்தில் நடக்கும் விரிவுரையில். அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் கட்டுமானவியலையும் இயந்திரவியலையும் தமிழ் வழியில் தொடங்கியும், பெரும்பாலான மாணவர்களுக்கு இந்தக் கடவு இன்றும் கடினமாகவே இருக்கிறது.

சோதனைக்குப் பிறகு கற்பித்தல் இல்லை என்றால் சோதனையே வேண்டாம். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். கல்லூரிகளில் இப்போது ‘பிரிட்ஜ் கோர்ஸ்’ என்ற பெயரில் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். பொறியியல் கல்லூரிகளில் மூன்று வாரத் தொடக்கப் பயிற்சி வேண்டும் என்று ஏஐசிடிஇ நல்ல எண்ணத்தோடுதான் சொன்னது. பல இடங்களில் அது திறப்பு விழா, விருந்தினர் உரை, யோகா, ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி என்று கழிந்துவிடுகிறது. அந்த மூன்று வாரங்களில் தினமும் இரண்டு மணி நேரம் பிளஸ் 1 கணிதத்தையும் இயற்பியலையும் சிறு குழுக்களாக உட்காரவைத்து நடத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதிக்கு முதல் பருவம் முழுவதும், பாடவேளைக்கு வெளியே அல்ல, பாடவேளைக்குள்ளேயே வாரம் இரண்டு வகுப்புகள் ஒதுக்க வேண்டும். கல்லூரிப் பேருந்தை விட்டால் வீட்டுக்குப் போக வழியில்லாத பெண் பிள்ளைகளிடம் மாலை ஐந்து மணிக்குச் சிறப்பு வகுப்பு என்று சொல்வதில் பொருளே இல்லை.

அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு இது இன்னும் அவசரம். அங்கே கணினி அறிவியலில் இடம் கிடைக்காமல் கணிதத்திலும் இயற்பியலிலும் சேர்ந்தவர்கள் நிறைய. பல துறைகளில் பாதி வகுப்புகளைக் கௌரவ விரிவுரையாளர்களே நடத்துகிறார்கள். சோதனையையும் கூடுதல் வகுப்புகளையும் அவர்கள் தலையில் ஊதியமில்லாத வேலையாகச் சுமத்தக் கூடாது.

‘மறுபடியும் ஒரு தேர்வா?’ என்று கேட்பவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. இந்த மாநிலத்துக்கு நுழைவுத் தேர்வு விஷயத்தில் சூடுபட்ட அனுபவம் உண்டு; நீட்டால் மாணவி அனிதாவை இழந்த மாநிலம் இது. அதனால்தான் நிபந்தனைகளைச் சட்டமாகவே எழுதிவிடலாம் என்கிறேன். இந்தச் சோதனையின் முடிவு மாணவருக்கும் அவருக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியருக்கும் மட்டுமே போக வேண்டும். பெற்றோருக்குக்கூட மதிப்பெண்ணாகப் போகக் கூடாது. கல்லூரியின் பெயர்ப் பலகையில் ஏறக் கூடாது. வளாக வேலைவாய்ப்புக்கு வரும் நிறுவனத்துக்குக் காட்டக் கூடாது. வரிசை எண் இல்லாத இடத்தில் பயிற்சி மையத்துக்கு விற்க எதுவும் இருக்காது.

பள்ளிகளைப் பொறுத்தவரை எதிர்த் திசையில் செய்ய வேண்டும். பிளஸ் 1 மாணவர்களுக்கு டிசம்பரில், முன்னறிவிப்பில்லாமல், இதே மாதிரியான ஒரு சிறு சோதனையைத் தனியார் பள்ளிகள் உட்பட எல்லாப் பள்ளிகளிலும் நடத்தி, மாணவர் பெயர் இல்லாமல் பள்ளி வாரியாக முடிவை வெளியிடலாம். பிளஸ் 1 பாடத்தை எந்தப் பள்ளி நடத்துகிறது, எது நடத்துவதில்லை என்பது அந்த ஒரு பட்டியலில் தெரிந்துவிடும். பிள்ளைகளுக்குப் பொதுத் தேர்வின் பதற்றம் இருக்காது. பதற்றம் பள்ளி நிர்வாகத்துக்குப் போகும். போகட்டும்.

பள்ளிக் கல்வித் துறையிடம் பிளஸ் 2 மதிப்பெண் இருக்கிறது. பல்கலைக்கழகங்களிடம் முதல் பருவத் தேர்வு முடிவு இருக்கிறது. இரண்டையும் எமிஸ் எண் வழியாகச் சேர்த்துப் பார்த்தால், எந்தப் பாடத்தில், எந்தப் பகுதியில், எந்த மாவட்டத்துப் பிள்ளைகள் இடறுகிறார்கள் என்பது ஒரு மாத வேலையில் கிடைத்துவிடும். பிளஸ் 1 பொதுத் தேர்வு எழுதாமல் பிளஸ் 2-வுக்கு வரும் முதல் அணி கல்லூரிக்குள் நுழைவதற்கு முன்பே இந்தக் கணக்கெடுப்பை முடித்து, இரண்டு துறைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து, அந்த அணிக்கான மூன்று வாரப் பாடத்தை எழுதிவிட வேண்டும்.